பன்னெண்டு சுத்து

கொஞ்சம் அக்கட்டால தள்ளி உக்காரு அம்மிணி. பையெ மட்டும் எடுத்தாப் பத்தாது, நீயும் தள்ளோணும். இந்தத் திட்டுல அந்தச் சாண் எடம் எனக்கு வேணும். எதுக்குன்னு கேக்காத, சித்தெ நேரத்துல உனக்கே தெரியும். ஆங், அது போதும்.

திங்கக்கெழமையானா இங்க இதே ரோதனைதான். மனு குடுக்கறவங்க நூறு பேருன்னா சும்மா வந்து குந்தியிருக்கறவங்க எரநூறு பேரு. கலெக்டர் ஆபீசுன்னா ஒரு மட்டு மரியாதை வேண்டாமா? அங்க பாரு, வேப்ப மரத்தடியில ஒருத்தன் துண்டெ விரிச்சுப் படுத்துட்டான். இந்தப் பக்கம் ஒருத்தன் சுண்டல் விக்கறான். கேட்டுல நிக்கறாளே போலீசுக்காரி, உன்ற பையெத் தொழாவுனாளா? மண்ணெண்ணெய் இருக்குதான்னு பாப்பாளுக. என்ற பையெயும் தொழாவுனா. தாலுகா ஆபீசு தபால் செக்சன்ல இருபத்தொம்போது வருசம் குப்பை கொட்டுனவ நானு. நேத்துப் பொறந்த புள்ள என்ற பைக்குள்ள கைய வுடறா. ஆத்தரமாத்தான் வந்துச்சு. கம்முனு வந்துட்டேன்.

உன்ற டோக்கன் என்ன நம்பரு? சொல்லாட்டிப் போ. என்னுது நூத்தி நாப்பத்தேழு. இப்பத்தான் நூத்திப் பத்தக் கூப்புடறாங்க. கையில மனுவெக் காணம், பைக்குள்ள வெச்சிருப்பியாட்ட இருக்குது. யாரு எழுதுனா? வெளிய கண்ணாடி போட்டுட்டு ஒருத்தன் உக்காந்து எழுதறானே, அவனா? அவன் எழுதறது மனுவே இல்ல. 'ஐயா அவர்கள் பெரிய மனது வைத்து' ன்னு ஆரம்பிப்பான். பெரிய மனசு வெக்கறதுக்கா அவங்களெ அங்க உக்கார வெச்சிருக்குது?

மனு எப்படி நகரும்னு என்னெக் கேளு. இருபத்தொம்போது வருசம் கவரப் பிரிச்சு, நம்பர் போட்டு, செக்சனுக்குப் பிரிச்சு அனுப்புனவ. கெஞ்சி எழுதுனா அது கட்டுக்குள்ள போயித் தூங்கிரும். 'குழந்தைகள் விளையாட இடமில்லை, மரம் வைத்துத் தாருங்கள்' ன்னு எழுதுனா எவன் சட்டெ பண்ணுவான்? பாம்பு வருதுன்னு எழுதோணும். உசுருக்கு ஆபத்துன்னு எழுதோணும். நாளைக்கு ஏதாச்சும் ஆனா இவன் தலெ உருளும்னு படிக்கறவனுக்குத் தோணோணும். அப்பத்தான் காயிதம் மேசை மாறும். இந்த வித்தெயெ எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, நானாப் பாத்துக் கத்துக்கிட்டது.

அதா, வந்துட்டாரு. காலெ நகத்திக்க. பாத்தியா, அதுக்குத்தான் எடங் கேட்டேன். தூங்குமூஞ்சி மரத்துக் காயி. ஒரு சுத்து முடிஞ்சா ஒரு காயி கொண்டாந்து வெப்பாரு. இது மூணாவது. தொடாத, தொட்டா மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சுருவாரு.

எங்க வூட்டுக்காரரு. சாமியப்பன்னு பேரு. வார்ப்படப் பட்டறையில முப்பத்துநாலு வருசம் இரும்பு உருக்குன மனுசன். ரிட்டேராகி மூணாம் மாசம் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கிச்சு. காலு ஓரளவுக்குத் திரும்பி வந்துச்சு, பேச்சு வரல, கணக்கும் வரல. கேட்டா தலையெ ஆட்டுவாரு, இல்லாட்டிச் சிரிப்பாரு. நடந்தா ஒழுங்கா நடப்பாரு, எங்க நிக்கறதுன்னுதான் தெரியாது. ஆனா தெனமும் நடக்கோணும். நடக்காட்டிக் காலு வீங்கிரும், படுக்கையில விழுந்தாருன்னா அப்பறம் எந்திரிக்க மாட்டாருன்னு டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. ஒரு நாளைக்குப் பன்னெண்டு சுத்து. எனக்கு வேண்டியது அவ்வளவேதான் அம்மிணி. இவரு நடக்கறதுக்கு ஒரு எடம். வண்டி வராத எடம், வழி தப்பாத எடம்.

இருந்துச்சு. எங்க வூட்டுக்கு நேர் எதுக்க இருந்துச்சு. கதிரவன் காலனி பூங்கான்னு போர்டு. பெருசா ஒண்ணுமில்ல, முப்பது சென்ட்டு. நாலு புங்கை, ஒரு நாவல், ரெண்டு சிமெண்டு பெஞ்சு, ஓரமாச் சுத்தி ஒரு நடைபாதை. மெயின் ரோடு நூறடிதான் தள்ளி, ஆனா உள்ள போயி உக்காந்தா ஒரு ஹாரன் சத்தம் கேக்காது. சுத்தி மதிலு, ஒரே ஒரு கேட்டு. உள்ள வுட்டா இவரு வழி தப்பவே முடியாது. சுத்திச் சுத்தி அதே பெஞ்சுக்குத்தான் வந்தாகோணும். அங்கதான் இந்தக் காயி வெக்கற பழக்கம் வந்துச்சு. அங்க புங்கங்காயி. யாரு பழக்கி வுட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பூக்காரியாத்தான் இருக்கோணும்.

பூக்காரின்னா சரசாள். ரெண்டு மணிக்கெல்லாம் கூடையெத் தூக்கிட்டு வந்து பெஞ்சுக்குப் பக்கத்துல சாக்கு விரிச்சுருவா. அஞ்சு மணி வரைக்கும் அங்கயே பூக் கட்டுவா. காலனிக்காரங்க பூங்காவுல இவளுக்கென்ன சோலி? வாழை நாரு, காம்பு, எல எல்லாம் அங்கயே கெடக்கும். அவ போகையில கூட்டிட்டுத்தான் போவா, அது வேற. ஆனா கூட்டறதுக்கு அவ யாரு? கேட்டுக்கிட்ட குப்புராசுன்னு ஒருத்தன் இஸ்திரி வண்டி போட்டிருந்தான். கரிப் பொகை பூராம் என்ற வூட்டு ஜன்னலுக்குத்தான் வரும். காலையில ஆறு மணிக்குச் சிரிப்புச் சங்கம்னு எட்டுப் பேரு கைய மேல தூக்கிட்டு ஹா ஹான்னு சிரிப்பாங்க. சிரிக்கறதுக்கு ஒரு சங்கம் எதுக்குன்னு நீயே சொல்லு. மத்தியானமானா ஆட்டோக்காரனுக சோறு தின்னுட்டு மரத்தடியில நீட்டி நிமுந்து படுத்துக்குவானுக. சாயங்காலம் ஜோடி ஜோடியாக் காலேஜ்ப் புள்ளைக.

இத்தனை பேருக்கு நடுவுல இவரு நடக்கறாரு. ஒருத்தன் காலெ நீட்டிக்கிட்டுப் படுத்திருப்பான், இவரு வந்தா மடக்குவான், அந்தண்ட போனா மறுபடி நீட்டுவான். சரசாள் கண்ணு பூவுல இருக்காது, இவரு மேலயே இருக்கும். 'அண்ணா, ஏழாச்சுங்க', 'அண்ணா, எட்டாச்சுங்க' ன்னு சொல்லிட்டே இருப்பா. ஊரான் புருசன் எத்தனை சுத்துச் சுத்துனா இவளுக்கென்ன? குப்புராசு ஒரு நா இவருக்குச் செருப்பு வாரு மாட்டி வுட்டுட்டு இருக்கறான். நான் ஜன்னல்ல நின்னு பாக்கறேன். என்ற வூட்டுக்காரரு காலெத் தொடறதுக்கு அவன் யாரு? நாமென்ன நாதியத்தா கெடக்கறோம்? எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு.

சரி, நமக்குக் கை வந்த வேலையெப் பாப்போம்னு பேனாவெ எடுத்தேன். எங்க காலனிச் சங்கத்துத் தலைவரு நஞ்சப்பன், வளைச்சு வளைச்சு நாயம் பேசறதோட சரி, ஒரு வரி எழுத வராது. செயலாளரு நானு. மொத மனு போட்டேன். உனக்குச் சொல்றேன், மனப்பாடமாவே இருக்குது. 'மேற்படி இடமானது புதர் மண்டி, விஷ ஜந்துக்களின் உறைவிடமாகவும் சமூக விரோதிகளின் கூடாரமாகவும் மாறி, பொதுமக்கள் எவருக்கும் எவ்விதப் பயன்பாடுமின்றிக் கிடக்கிறது.' எப்படி இருக்குது? பாம்பு பாத்தியான்னு கேக்கற. ஓணான் இருந்துச்சு. மனுவுல ஓணான்னு எழுதுனா எவன் வருவான்?

வந்தாங்க அம்மிணி, கார்ப்பரேசன்காரங்க. பதினோரு மனு போட்டேன், பன்னெண்டாவதுக்கு வந்தாங்க. போன வருசம் ஆடிப் பதினெட்டுக்கு மொத நாளு, கேட்டுக்குப் புதுசாப் பூட்டு. சாவி சங்கத்துக்கிட்டன்னாங்க. சங்கம்னா யாரு, நாந்தான். சரசாளெக் கூடையோட வெளிய அனுப்புனேன். இஸ்திரி வண்டி நகந்துச்சு. சிரிப்புச் சங்கத்துல ஒருத்தரு வந்து காலையில ஒரு மணி நேரம் தொறந்து வுடுங்கம்மான்னாரு. உங்க வூட்டு மொட்டெ மாடியில சிரிங்கன்னேன். நாலாவது காயி, பாத்துக்க.

அதுக்கப்பறம் அந்தப் பூங்காவெ நீ பாத்திருக்கோணும். அப்படி ஒரு அமைதி. ஒரு குஞ்சு குளுவான் இல்ல. நாலு மணிக்கு இவரெ உள்ள வுட்டு, வெளிய பூட்டிட்டு வந்துருவேன். பூட்டாம என்ன பண்றது? தொறந்து கெடந்தா எவனாச்சும் நொழைஞ்சுருவான். அஞ்சு மணிக்குப் போயித் தொறந்து கூட்டிட்டு வருவேன். எத்தனை சுத்துப் போனாருன்னு பெஞ்சு மேல பாத்தாத் தெரியும். மொத நாளு இருபத்திரெண்டு காயி இருந்துச்சு. நிப்பாட்டச் சொல்ல ஆளு இல்லையல்ல, போயிட்டே இருந்திருக்கறாரு. ராத்திரி காலு வலின்னு மொனகுனாரு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

கூட்ட வர்ற பொம்பளை சாவிக்கு என்ற வூட்டுக்கு வரோணும். பத்து மணிக்கு மேல வான்னேன். அவ ரெண்டு வாரம் வந்தா, பொறவு வரல. பார்த்தீனியம் இடுப்பு ஒசரம் வந்துருச்சு. அதுக்கும் மனுப் போட்டேன். அதே வாக்கியந்தான், இந்தத் தடவெ நெசமாவே புதரு மண்டியிருந்துச்சு. தொயரத்துலயும் ஒரு திருப்தி எனக்கு.

கார்த்திகை மாசம் ஒரு நாளு. இவரெ உள்ள வுட்டுட்டு வந்து எழுதிட்டு இருந்தேன். குப்புராசு வண்டியெக் கொண்டு போயி அடுத்த தெருவுல போட்டுட்டான், அதுக்குத்தான் மனு. எழுதற சொவாரசியத்துல மணியெப் பாக்கல. கதவெத் தட்டற சத்தம். பாத்தா சரசாள். தலெ கலைஞ்சு மூச்சு வாங்கிட்டு நிக்கறா. 'சாவி குடுங்கக்கா' ங்கறா. எதுக்குடி உனக்குச் சாவின்னேன். 'மொதல்ல சாவியெக் குடுங்கக்கா' ங்கறா மறுபடியும். சண்டெக்கு வந்துட்டாடான்னு தாப்பாளப் போட்டுட்டேன். உள்ள இருந்தே திட்டுனேன். அவ வெளிய நின்னுட்டு, 'அண்ணன் விழுந்து கெடக்கறாருங்க, எறும்பு மொய்க்குது' ன்னு அழுகறா.

ஒழுங்காச் சொல்லியிருந்தா நான் மொதல்லயே தொறந்திருக்க மாட்டனா? சாவி குடு சாவி குடுன்னா யாருக்குத்தான் சந்தேகம் வராது?

போயிப் பாத்தா, நடைபாதையில வேரு தடுக்கிக் குப்புற விழுந்திருக்கறாரு. பார்த்தீனியத்துக்குள்ள ஆளே தெரியல. கட்டெறும்பு. மொகமெல்லாம் தடிச்சுப் போச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல கெடந்திருக்கறாரு, கத்தறதுக்கும் வாயி வராது. ஒரு மாதிரி முக்குவாரு, அதெத்தான் அவ ரோட்டுல போகையில கேட்டிருக்கறா. அவ அந்த வழியா எதுக்கு வந்தா, அதெ யோசி. எங்க தெருவுல அவளுக்கு வாடிக்கையே கெடையாது. தெனமும் அந்த மதிலோரமா நின்னு உள்ள எட்டிப் பாத்துட்டுப் போவாளாம். அப்பறமா எதுத்த வூட்டுக்காரி சொன்னா. வேவு பாக்கறது. ரெண்டு பேருஞ் சேந்துதான் இவரெத் தூக்குனோம். பாவம், அவளும் மடியில போட்டு எறும்பெல்லாம் எடுத்து வுட்டா. போகையில, 'இனிமேப் பூட்டாதீங்கக்கா' ன்னா. எனக்கு வந்துச்சு பாரு கோவம். புத்தி சொல்ல வந்துட்டா.

மறுநாளே மனுப் போட்டேன். போட்டோவோட. 'பராமரிப்பின்மை காரணமாக மேற்படி இடத்தில் முதியவர் ஒருவர் படுகாயம்.' பதினெட்டாவது மனு அது. அஞ்சு வந்துருச்சு. ஏனுங், மெதுவாப் போங்க. பாத்தியா, சுண்டல்காரன் வண்டி வருதுன்னு இவரு கையெப் புடிச்சு நிப்பாட்டறான். இவனுக்கு எதுக்கு இந்த வேலெ, சுண்டலெ விக்கட்டுமே.

தை மாசம் ரெண்டு பேரு டேப்பெப் புடிச்சுட்டு வந்து அளந்தாங்க. சாவியெ நாந்தான் குடுத்தேன். செடியெல்லாம் வெட்டறாங்களாட்ட இருக்குதுன்னு சந்தோசப்பட்டு டீயும் போட்டுக் குடுத்தேன். பங்குனியில கேட்டுல நோட்டீசு ஒட்டறாங்க. கடைகளும் மூணடுக்கு வண்டி நிறுத்தற எடமும் கட்டப் போறாங்களாம். ஏன்னு ரெண்டாம் பாராவுல போட்டிருக்குது. படிக்கறேன். 'மேற்படி இடமானது புதர் மண்டி, விஷ ஜந்துக்களின் உறைவிடமாகவும் சமூக விரோதிகளின் கூடாரமாகவும் மாறி, பொதுமக்கள் எவருக்கும் எவ்விதப் பயன்பாடுமின்றிக் கிடப்பதாகக் குடியிருப்போரே இருபத்து மூன்று மனுக்கள் மூலம் தெரிவித்துள்ள நிலையில்.' என்ற வாக்கியம் அம்மிணி. ஒரு கமா மாறல. முதியவர் படுகாயமும் இருந்துச்சு, கடைசியில.

நேரா கார்ப்பரேசன் ஆபீசுக்குப் போயி, நோட்டீசுல கையெழுத்துப் போட்ட இஞ்சினீரு முன்னால நின்னேன். அவன் ஒரு ஃபைல எடுத்துப் போட்டான். இருபத்து மூணு மனுவும் தேதி வாரியா, டேக் போட்டுக் கட்டி வெச்சிருக்கறான். தபால் செக்சன்ல இத்தனை வருசம் இருந்திருக்கறேன், அத்தனை லட்சணமா ஒரு ஃபைலு நான் பாத்ததில்ல. 'எல்லாம் உங்க கையெழுத்துத்தானுங்களேம்மா' ங்கறான். கையெழுத்து என்னுது, அர்த்தம் உன்னுதுன்னேன். சிரிக்கறான்.

எதுத்து ஒரு மனுப் போடோணும், ஐம்பது கையெழுத்தாவது வேணும்னு காலனி பூராம் வூடு வூடா ஏறி எறங்குனேன். நாலு பேரு போட்டாங்க. அதுல ஒண்ணு என்னுது, ஒண்ணு இவரோட கைநாட்டு. நஞ்சப்பன் என்ன சொன்னாருன்ற? 'நாங்க உள்ள போயி ஒரு வருசமாகப் போகுதுங்கம்மா. அங்க என்ன மரம் நின்னுச்சுன்னே மறந்து போச்சு. வண்டி நிறுத்தவாச்சும் ஆகட்டும்' னாரு. சிரிப்புச் சங்கத்துக்காரரு கதவே தொறக்கல, ஜன்னல்ல இருந்து பாத்துட்டுத் திரையெ இழுத்து வுட்டுட்டாரு. மனுசங்களா இவங்க? ஒரு பொது எடம் கைய வுட்டுப் போகுது, ஒருத்தனுக்கும் ஒரு வெசனமில்ல. அப்படி ஒரு சுயநலம் புடிச்ச காலனியெ நீ எங்கயும் பாத்திருக்க மாட்ட.

சித்திரையில வெட்டுனாங்க. ஒரே நாளு. காலையில எட்டு மணிக்கு ரம்பம் போட்டாங்க, மத்தியானம் சோத்துக்கு முன்னாடி நாலு புங்கையும் கெடந்துச்சு. நாவ மரத்தெ மறுநாளு. இவரு எங்க வூட்டு வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தாரு. உள்ள வாங்கன்னு இழுத்தேன், வரல. நாலு மணி ஆனதும் சட்டையெ மாட்டிட்டுப் போயித் தகரத்துக்கு முன்னால நிக்கறாரு. சுத்தித் தகரம் அடிச்சுட்டாங்க. அதெத் தடவிட்டே நடக்கறாரு. தகரம் முடியற முக்குல திரும்பறதுக்கு அவருக்குத் தெரியல. நேராப் போயிட்டாரு.

எங்கன்னு தேடறது? போலீசுக்குப் போனேன். அழுதேன் அம்மிணி. நான் அழுகறவ இல்ல, என்ற அப்பன் செத்தப்பக்கூட நாலு பேருக்கு முன்னால அழுகல. அன்னிக்கு ஸ்டேசன்ல நின்னு அழுதேன். அஞ்சே முக்காலுக்கு மொபெட்டுல வெச்சுக் கூட்டிட்டு வந்தது யாருன்ற? குப்புராசு. ரெண்டு மைலு தள்ளி பைபாஸ் ரோட்டுல இப்ப வண்டி போட்டிருக்கறானாமா. 'அண்ணன் நேரா வந்துட்டே இருந்தாருங்கக்கா, கையில ஒரு காயி இருந்துச்சு, எங்க வெக்கறதுன்னு தெரியாம வெச்சுட்டு இருந்தாரு' ங்கறான். இந்த மனுசனெ மொபெட்டுல ஏத்துனியே, சாஞ்சு விழுந்திருந்தா என்ன பண்றதுன்னு கேட்டேன். கேக்கோணுமல்ல? குடிக்கத் தண்ணி கேட்டான். குடுத்தேன். குடுக்கலேன்னு யாரும் சொல்ல முடியாது.

ஆறு. இல்ல, ஏழு. பேச்சு மும்முரத்துல நான் ஒண்ணெ வுட்டுட்டேன். நீ பாத்துட்டுத்தான் இருந்தியா? சரி.

அப்பறம் கதவெப் பூட்டித்தான் வெச்சேன். சாப்பாட்டு மேசையெச் சுத்தச் சொன்னேன். புங்கங்காய்க்குப் பதிலா மொச்சைக் கொட்டெ குடுத்தேன். ரெண்டு நாளு சுத்துனாரு. மேசை முக்கு இடிச்சு இடிச்சு இடுப்பெல்லாம் கன்னிப் போச்சு. மூணாம் நாளு கொட்டையெல்லாம் கீழ தள்ளி வுட்டுட்டுக் கட்டல்ல போயி உக்காந்துட்டாரு. மாசக் கணக்கா அப்படியே. காலு வீங்கிச் செருப்பு நொழையல. என்னெப் பாத்தா மொகத்தெத் திருப்பிக்குவாரு. முப்பத்தெட்டு வருசம் வாழ்ந்திருக்கறோம், ஒரு நாளு என்னெ அப்படிப் பாத்ததில்ல. அவருக்கு வெவரந் தெரியாது, யாரு மேல கோவப்படறதுன்னு தெரியல. எனக்கு அந்த இஞ்சினீரெ நெனச்சா வயிறு எரியும்.

ஆடியில, அந்தக் கட்டடத்தெ நிப்பாட்டச் சொல்லி மனுக் குடுக்கத்தான் மொதல்ல இங்க வந்தேன். தனியா வுட முடியாதுன்னு ஆட்டோவுல இவரெயும் இழுத்துட்டு வந்தேன். டோக்கன் வாங்கிட்டுத் திரும்பறேன், ஆளெக் காணம். பதறிப் போச்சு. பாத்தா, அந்தக் கொடிக்கம்பத்தெச் சுத்தி வட்டமா ஒரு பாதை இருக்குது பாரு, அதுல நடந்துட்டு இருக்கறாரு. கீழ கெடந்த காயெப் பொறுக்கிட்டு வந்து இந்தத் திட்டு மேல வெக்கறாரு. வெச்சுட்டு என்னெப் பாத்துச் சிரிச்சாரு. மூணு மாசம் கழிச்சு.

அன்னியில இருந்து ஒரு திங்கக்கெழமை வுடல. மத்த நாளுல கேட்டுல வுட மாட்டாங்க. வாரத்துல ஒரு நாளு, பன்னெண்டு சுத்து. அதுக்கே காலு வீக்கம் கொறஞ்சிருக்குது. கட்டடம் ரெண்டு மாடி ஏறிருச்சு, இனி அதெப் பத்தி மனுப் போட்டுப் பிரயோசனமில்ல. ஆனா வர்றதுன்னா மனுவோடதான் வருவேன். சும்மா வந்து குந்தற சாதி நானில்ல. ஒரு வாரம் தெரு வெளக்கு. ஒரு வாரம் நாயி. போன வாரம் பஸ்ஸு நிக்கறதில்லைன்னு குடுத்தேன்.

இந்த வாரந்தான் உருப்படியா ஒண்ணு எழுதியிருக்கறேன். ராவெல்லாம் யோசிச்சது. படிக்கறேன் கேளு. 'பொருள்: மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மனுதாரர் அல்லாதோர் நுழைவதைத் தடை செய்யக் கோருதல். ஐயா, வணக்கம். மேற்படி வளாகமானது வேலையற்றோரின் உறைவிடமாகவும் சமூக விரோதிகளின் கூடாரமாகவும் மாறி, உண்மையான மனுதாரர்களுக்கு எவ்விதப் பயன்பாடுமின்றி' அப்படியே போகுது. வட்டத்தெச் சுத்திக் கம்பி வேலி போட்டு, ஒரு கேட்டு வெச்சு, டோக்கன் இருக்கறவங்களெ மட்டும் உள்ள வுடோணும். ஒரு டோக்கனுக்கு ஒரு ஆளு. துண்டெ விரிச்சுப் படுக்கறவன், சுண்டல் விக்கறவன், எல்லாரும் வெளிய. எப்படி? எனக்குத் தெரியும், இது மேசை மாறும். இது நகந்துரும் பாரு.

ஏன் அப்படிப் பாக்கற? சுத்தமா இருந்தா எல்லாருக்கும் நல்லதுதான? இவரும் நிம்மதியா நடப்பாரு.

ஒம்போது. வேர்த்துருச்சு பாரு மனுசனுக்கு. துண்டு எங்கீங்க? அதா இடுப்புலயே கெடக்குது. ஆங், தொடச்சுக்குங்க.

நூத்தி நாப்பத்தஞ்சுன்னு கூப்புட்டானா? அப்ப நான் போயி வரிசையில நிக்கோணும். உன்ற நம்பரெ எடு, பக்கத்துல இருந்தா ஒட்டுக்காப் போயிரலாம். என்னது? டோக்கன் இல்லியா? மனுவே இல்லியா? அப்பறம் இத்தனை நேரமா எதுக்கு உக்காந்திருக்கற? எதுத்த ஜவுளிக் கடையில வேலையா? அங்க உக்கார எடமில்லைன்னு சோறு திங்க இங்க வர்றியா. தெனமுமா? மத்த நாளுல எப்படி வுடறாங்க உன்னெய? அந்தப் போலீசுக்காரி பழக்கமா. நல்லா இருக்குது நாயம்.

வேற ஆளா இருந்தா இந்நேரம் ஆளெக் கூப்புட்டு வெளிய அனுப்பச் சொல்லியிருப்பேன்.

சரி, போகட்டும். டப்பாவெத் தொறந்து தின்னு, ஆனா தின்னுட்டு எந்திரிச்சுப் போயிராத. நான் வர்ற வரைக்கும் இங்கயே இரு. காயெ எண்ணிக்க. எண்ண வருமல்ல? இன்னும் மூணு. பன்னெண்டாவதெ வெச்சதும் அவரா நிக்க மாட்டாரு, நடந்துட்டே இருப்பாரு. 'போதுமுங்கண்ணா, உக்காருங்க' ன்னு சொல்லோணும். வயசு பாக்காத, அண்ணான்னே சொல்லு. அந்தச் சரசாள் அப்படித்தான் சொல்லுவா. அதெக் கேட்டாத்தான் நிப்பாரு. நான் சொன்னா நிக்க மாட்டேங்கறாரு அம்மிணி.